இத்தாலிக்காரன் நின்ற இடம்

"ஏலே, மாமாவப் பிடிங்கடா!"

"அவரு எங்கடா ஓடப் போறாரு. நின்ன எடத்துலயேதான நிக்கிறாரு."

கார்னரிலிருந்து வந்த பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய் மறுபக்கம் சீமைக் கருவேலம் புதருக்குள் விழுந்தது. முள் குத்துவதற்குள் எடுக்க இரண்டு பேர் ஓடினார்கள். முஸ்அப் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நின்றார். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அங்கேதான்.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் கீழக்கரையில் கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம். வருஷா வருஷம் நடக்கிறது. முஸ்அப் ஒரு தடவைகூட ஆடியதில்லை. கல்யாணமான அடுத்த மாதமே கத்தாருக்குப் போனவர். பெருநாளுக்கு லீவு வாய்த்ததே இல்லை. அதற்கு முன்பு, பள்ளிக்கூட நாட்களில், உயரமாக இருக்கிறான் என்று அவரை எப்போதும் கோல்கீப்பராகவே நிறுத்தினார்கள். ஊர் மைதானத்தில் அவர் ஒரு கோலும் போட்டதில்லை.

இந்த ரமலானுக்கு முன்னால் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது.

"ஒரே ஒரு கோல். அதுக்கப்பறம் பந்தத் தொட மாட்டேன்" என்று மனைவி நஸீராவிடம் சொல்லியிருந்தார்.

"அங்கன அத்தன வருஷம் பாத்தது பத்தாதா மச்சான்?" என்றாள் அவள்.

பார்த்ததுதான் வினை. கத்தாரில் ஒரு சின்ன கிளப்பில் ஆட்டக்காரர்களின் உடுப்பைத் துவைத்துக் காயவைத்து, ஷூவைத் துடைத்து அடுக்கும் வேலை அவருக்கு. அங்கே ஒரு வருஷம் ரென்ஸோ வந்தான். இத்தாலிக்காரன், முன்வரிசை ஆட்டக்காரன். முப்பத்தேழு வயதில், வேறு எங்கும் இடமில்லாமல் வந்தவன். பயிற்சி முடிந்து மற்றவர்கள் காரில் ஏறிப் போன பிறகும் துணி துவைக்கும் அறையில் வந்து உட்கார்ந்திருப்பான். அரைகுறை அரபியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் பேசிக்கொள்வார்கள்.

அவன் ஊரும் துறைமுகம்தான். பதினாறு வயதில் ஒரு கிளப் வாங்கியது. அது அவனை இன்னொரு கிளப்புக்கு இரவல் கொடுத்தது. அது வேறொன்றுக்கு. மூன்றாம் டிவிஷனில் மழையில் ஊறிய மைதானங்கள், பெயர் மறந்துபோன ஊர்கள். நடுவில் ஒரே ஒரு வருஷம் முதல் டிவிஷன். பெரும்பாலும் பெஞ்சில். மாற்று ஆளாக இறங்கி இரண்டு கோல். பிறகு காலில் ஆபரேஷன், மறுபடியும் கீழே, ருமேனியா, சைப்ரஸ், கத்தார். இதைச் சொல்லும்போது அவன் வருத்தப்பட்டதில்லை. எந்த ஊரில் என்ன சாப்பாடு என்பதுதான் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஒருநாள் முஸ்அப்பின் டப்பாவில் நெத்திலிக் கருவாட்டைப் பார்த்தான். வறுப்பதற்குள் இரண்டை எடுத்து உப்பைத் தட்டி, ரொட்டியில் வைத்து எண்ணெய் ஊற்றித் தின்றான். கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அதற்கப்புறம் ஊரிலிருந்து வரும் பார்சலில் பாதி அவனுக்குப் போனது.

"ஏன் நீ ஓடுறதே இல்ல?" என்று ஒருநாள் முஸ்அப் கேட்டார்.

"பந்து இருக்கிற இடத்துக்கு எல்லாரும் ஓடுறாங்க" என்றான். "அவங்க விட்டுட்டுப் போன இடம் ஒண்ணு இருக்கும். நான் அங்க நிப்பேன்."

அந்த சீசனில் ஏழு கோல் போட்டான். எல்லாமே நின்ற இடத்திலிருந்து. மறு சீசனுக்கு அவனை வேண்டாம் என்றார்கள். அந்த வாரம் முஸ்அப் விடுமுறையில் ஊரில் இருந்தார். திரும்பிப் போனபோது அவன் ஜெர்ஸியில் பெயரை உரித்துவிட்டு ஒரு மொராக்கோ பையனுக்குக் கொடுத்திருந்தார்கள். அதையும் முஸ்அப்தான் துவைத்தார். பசை போகவில்லை.

பந்து புதரிலிருந்து வந்தது. வெயில் இறங்கிவிட்டது. ஆகாதவர்கள் இரண்டு, ஆனவர்கள் ஒன்று. பந்தோடு எல்லோரும் இடப்பக்கம் கூடினார்கள். முஸ்அப் கூட்டத்தை விட்டு இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றார். யாருடைய காலிலோ பட்டு பந்து அவர் முன்னால் உருண்டது.

எதிரே நின்றவர்கள் அசையவில்லை. கோல்கீப்பர் பர்வேஸ், அவருடைய அக்கா மகன், கையைத் தொங்கவிட்டு நின்றான். இத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டோம் என்று முஸ்அப் நினைத்தார். நிதானமாக ஒரு எட்டு வைத்து உள்காலால் தள்ளினார். பந்து வலையில் போய் விழுந்தது.

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கார்னர் வரைக்கும் ஓடினார். கூட யாரும் ஓடிவரவில்லை. மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்கு போய்க்கொண்டிருந்தது.

பாங்கு தொடங்கினால் பந்து எங்கே இருந்தாலும் ஆட்டம் நின்றுவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முஸ்அப்புக்குத்தான் மறந்துபோயிருந்தது. கத்தாரில் ஆட்டமெல்லாம் தொழுகைக்குப் பிறகு, விளக்கு வெளிச்சத்தில். பாங்கும் பந்தும் ஒன்றாக அங்கே அவருக்கு வந்ததே இல்லை.

பாங்கு முடியும்வரை ஊர் வாயை மூடிக்கொண்டு நின்றது. முடிந்ததும் சிரிப்பு வெடித்தது.

"நான் முன்னாடியே அடிச்சிட்டேன்" என்றார் முஸ்அப்.

"பாங்கு பாதிக்கு வந்திருச்சு காக்கா" என்றார் நடுவர் சதக்கத்துல்லா. டீக்கடைக்காரர். "ஊரே நின்னுச்சு. நீங்க ஒரு ஆளுதான் ஓடுனீங்க."

"நீ விசிலே ஊதலயே!"

"பாங்குக்கு மேல என்ன விசிலு?"

ஆட்டம் அத்தோடு முடிந்தது. எல்லோரும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய நடந்தார்கள். முஸ்அப் பர்வேஸின் தோளைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. பந்து நல்லாப் போச்சால?"

"நல்லாத்தான் போச்சு. நான் கைய இறக்கிட்டேன் மாமா. இல்லன்னா பிடிச்சிருப்பேன்."

"பிடிச்சிருக்க மாட்ட."

"பிடிச்சிருப்பேன் மாமா."

மறுநாள் காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் 2–1 என்று போட்டிருந்தார்கள். முஸ்அப் பார்த்துவிட்டு போனைச் சார்ஜில் போட்டார். பத்து மணி பஸ்ஸில் இராமநாதபுரம் போய் இன்வெர்ட்டருக்கு பேட்டரி விசாரித்தார். கடைக்காரர் திங்கட்கிழமை வரச் சொன்னார். திரும்பி வரும்போது மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்கி மதிலோரம் சாய்த்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போய் சாப்பிட்டார். மத்தியானம் தூங்கினார்.