என்னைப் பற்றி நான் எழுதிய கடிதம்

மலேசியாவின் மூவார் ஊரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் பதினொரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். எனக்கு மேலே வந்த இரண்டு மேனேஜர்களுக்கும் வேலை சொல்லிக்கொடுத்தது நான்தான். அவர்களிடம் எம்.பி.ஏ. இருந்தது, என்னிடம் இல்லை. இரண்டாமவர் விலகியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். இந்த வருடமே எம்.பி.ஏ.வில் இடம் வாங்கிவிட்டால் அந்தப் பதவி எனக்கு, இல்லாவிட்டால் வெளியாள் வருவார் என்றார்.

பல்கலைக்கழகத்தில் போய் விசாரித்தேன். பட்டப்படிப்பில் புள்ளியியலில் நான் வாங்கிய லட்சணத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் இருக்க அங்கிருந்த தமிழ்ப் பெண் பெரும்பாடு பட்டார்.

"இத வெச்சு அப்ளை பண்ணா கஷ்டம்லா. தனியா ஒரு ஸ்டாடிஸ்டிக்ஸ் கோர்ஸ் எடுத்து நல்ல கிரேடு காட்டுங்க. அந்த லெக்சரர்கிட்டயே ஒரு சிபாரிசுக் கடிதமும் வாங்கிட்டு வாங்க."

அந்தக் கோர்ஸ் ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமைகளில் நடந்தது. பதினான்கு வாரம், விடிவதற்கு முன்பே பஸ். வகுப்பில் இருந்ததெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் அக்கா என்றார்கள், மூன்றாம் வாரம் ஆன்ட்டி ஆகிவிட்டேன். சிகாமட்டில் சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. "கழுத வயசாச்சு, இனிமே படிச்சு என்ன கிழிக்கப் போறா" என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் லெக்சரர் பலகையில் போட்ட கணக்கு இடித்தது. வகுத்த எண்ணே தப்பு. கையைத் தூக்கிச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார், மறுபடியும் போட்டுப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"கரெக்ட்டுதான்மா. நாலு பேட்ச்சா இதே கணக்கத்தான் போடறேன், ஒருத்தரும் கேக்கல."

அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம். கடைசியில் கோர்ஸில் 'ஏ' வாங்கினேன்.

கடிதம் கேட்டபோது லெக்சரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு டைம் இல்லமா. நீங்களே எழுதிட்டு வாங்க, நான் சைன் போட்டுத் தர்றேன்."

இதெல்லாம் சகஜமாம். மற்றவர்கள் தங்களை வானளாவ உயர்த்தி எழுதிக்கொள்வார்களாம். அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? 'வகுப்பிலேயே சிறந்த மாணவி' என்று தட்டினேன். கூச்சமாக இருந்தது, அழித்துவிட்டேன். என்ன யோசிக்கிறாய் என்று அம்மா கேட்டார், சொன்னேன்.

"நம்மள நாமளே புகழ்ந்துக்கலாமா? நாலு பேரு சிரிப்பாங்க. நிறைகுடம் தளும்பாது."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நேரம் தவறாதவர், பணிவானவர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று எழுதினேன். பலகைக் கணக்கு விஷயத்தை எழுதிவிட்டு அதையும் எடுத்தேன். தன் தப்பைச் சொல்லும் காகிதத்தில் ஒரு மனுஷர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? லெக்சரர் அதைத் தன் கார் பானட்டின் மேல் வைத்துப் படிக்காமலே போட்டுக்கொடுத்தார்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். புள்ளியியல் மதிப்பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு நடுவில் இருந்த அம்மாள் கடிதத்தை எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்தார். நாங்கள் தேடுவது தலைமை தாங்குகிறவர்களை, இவரோ நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்பீர்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறார், பதினான்கு வாரம் பார்த்தவருக்கு உங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமே இல்லையா என்று கேட்டார்.

நான்தான் எழுதினேன் என்றால் அந்த நிமிடமே வெளியே அனுப்பிவிடுவார்கள், அவர் பெயரும் கெடும். அவர் என்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் அது பச்சைப் பொய். பலகைக் கணக்கை அப்போதாவது சொல்லியிருக்கலாம். தெரியவில்லை மேடம் என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இடம் கிடைக்கவில்லை. மறு மாதம் புது மேனேஜர் வந்துவிட்டார், என்னைவிட எட்டு வயது சின்னவர். வந்த அன்றே ஏற்றுமதிக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வேலை கற்றுக்கொள்ள என் மேசைக்கு வந்தார்.

அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன், கடிதம் சரியில்லாததால் இடம் போய்விட்டது என்று. நான் எழுதிய கடிதத்தைத்தான் கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது. நான் எழுதியதை ஒதுக்கிவிட்டு லெக்சரர் தாமே வேறு மாதிரி எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"பதினாலு வாரம் பஸ்ஸுல இடிபட்டுப் போன புள்ளயப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுத மனசு வரலயே. அத எழுதுன கை விளங்குமா?"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றேன்.

"ஏன் சொல்லக்கூடாது? வயிறு எரிஞ்சு சொல்றேன், விளங்காது."

நான் அதே கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.