விசில் சாரின் தலையாட்டல்

விசில் சார் தலைமையாசிரியர் ஆனதில் விசில் சாருக்கே சம்மதமில்லை. மைதானத்தில் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டு, தொண்டை கிழியக் கத்தியே காலம் தள்ளிய உடற்பயிற்சி ஆசிரியர் அவர். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும் அறிவியல் சாரும் ஆங்கில சாரும் அந்த நாற்காலிக்காக முட்டிக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். நிர்வாகக் குழு யோசித்து, யாருமே போட்டியாக நினைக்காத ஆளாகப் பார்த்து உட்கார வைத்தது. மைதானத்தில் சிங்கமாகத் திரிந்தவர் அறைக்குள் பெட்டிப்பாம்பாகிவிட்டார்.

வகுப்பு வகுப்பாகப் போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் நடத்தும் லட்சணத்தைப் பார்ப்பதும் அவர் வேலை. எந்தப் பாடமும் தலையிலும் ஏறவில்லை, காலிலும் ஏறவில்லை. மனைவியிடம் புலம்பினார்.

"வாயைத் திறந்தாதானே குட்டு வெளிப்படும்? பேசாம தலையை ஆட்டிட்டு வந்துடுங்க. கல்யாணம் ஆனதுலேருந்து எங்கிட்ட அப்படித்தானே ஓட்டுறீங்க," என்றாள் அந்த மகராசி.

ஆட்டினார். வேதியியலுக்கும் ஆட்டினார், இலக்கணத்துக்கும் ஆட்டினார். மனுஷனுக்கு எல்லாம் தெரியும் என்று பேர்கூட வந்தது. போன வருஷக் கணக்கு வாத்தியாரை வைரம் என்று குழுவிடம் புகழ்ந்து தள்ளினார். பரீட்சையில் பாதி வகுப்பு மண்ணைக் கவ்வியது. வைரத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலையாட்டியவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

இப்போது வந்திருக்கும் கணக்கு டீச்சருக்கும் அதே கண்டம். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று குழு மறுநாள் முடிவு செய்யப்போகிறது. இந்த வேலையை நம்பி, படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு குடிவந்தவர் டீச்சர்.

அன்று மைனஸை மைனஸால் பெருக்கும் பாடம். டீச்சர் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினார். பிள்ளைகளைப் பார்க்கவில்லை, விசில் சாரைப் பார்த்தார். இவர் தலையாட்டினார். உடனே அடுத்த கணக்கு. மறுபடி ஆட்டினார். பாடம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவி கிசுகிசுத்தாள். "சார், கொஞ்சம் ஆட்டாம இருங்களேன். நீங்க ஆட்டினதும் எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சுன்னு அவங்க போயிடுறாங்க. போன வருஷ சாரும் இப்படித்தான்."

விசில் சாருக்குச் சுருக்கென்றது. பாதி வகுப்பைக் கவிழ்த்தது தன் கழுத்துதானா? கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். டீச்சர் மறுபடி விளக்கினார். தலை அசையவில்லை. வேறு விதமாக விளக்கினார். ஊஹூம். வியர்த்து ஊற்ற, சாக்பீஸை வீசிவிட்டு அந்த மாணவியையே முன்னால் கூப்பிட்டார்.

"மைனஸ்னா திரும்பி நில்லுன்னு அர்த்தம். திரும்பு. இன்னொரு மைனஸ். மறுபடி திரும்பு. இப்ப எந்தப் பக்கம் பாக்கறே?"

"பழைய பக்கம்தான் டீச்சர்!"

"அட!" என்று கத்தியது வகுப்பல்ல, விசில் சார். வகுப்பு அதற்குப் பிறகுதான் கத்தியது.

சாயங்காலம் டீச்சர் அவர் அறைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. "எல்லா வகுப்புலயும் தலையாட்டுற நீங்க எனக்கு மட்டும் பாதியிலேயே நிறுத்திட்டீங்க சார். அனுப்பிடப் போறீங்க, அப்படித்தானே?"

"டீச்சர், இத்தனை நாள்ல எனக்குப் புரிஞ்ச ஒரே பாடம் உங்களோடதுதான்."

"அப்ப மத்ததுக்கெல்லாம்?"

"சும்மா ஆட்டினேன்."

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இதைக் குழுவுல சொல்வீங்களா சார்? போன வருஷம் நீங்க புகழ்ந்த லட்சணம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். உண்மையைச் சொல்லாம என்னைப் புகழ்ந்தா, அதுவே என்னைக் கவுத்துடும்."

மறுநாள் சொன்னார். சொல்லும்போது காது மடல் சிவந்துபோனது. குழுவில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கணக்கே தெரியாத நீங்க, கணக்கு டீச்சர் நல்லா நடத்துறாங்கன்னு சொன்னா எப்படி நம்புறது?" என்றார் குழுத் தலைவர்.

"எனக்கே புரிய வெச்சாங்களே, அது போதாதா?" என்று, தான் கற்றதை அங்கேயே விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

விசில் சார் அந்த ஆட்டலை உற்றுப் பார்த்தார். அவருக்குத் தெரியாத ஆட்டலா? "யாருக்கும் புரியல. எல்லாரும் எழுந்திருங்க!" என்றார். மைதானத்துக் குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. பெரிய மனுஷர்கள் பதறி எழுந்தார்கள்.

"மைனஸ்! திரும்பு!"

மொத்தக் குழுவும் சுவரைப் பார்த்து நின்றது. அடுத்த மைனஸுக்கு வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "டீச்சர் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று அந்த முதுகுகளிடம் கேட்டார்.

"இருக்கட்டும் சார், இருக்கட்டும்!" என்றார் தலைவர், சுவரிடம். "உங்களை என்ன பண்றதுன்னுதான் தெரியல. அதைத் திரும்பினதும் பேசிக்கலாம்."

"அப்படின்னா இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க," என்றார் விசில் சார்.