பத்தாவது ஆரோக்கியசாலி

யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முழங்கை மடிப்பைத்தான் அவள் பார்ப்பாள். நரம்பு நன்றாகப் புடைத்திருந்தால் அவள் கண் மின்னும். வீட்டில் அவளுக்கு ‘ரத்தக் காட்டேரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

காயம் பட்ட இடத்துக்கு ஓடி வந்து ஒட்டிக்கொண்டு ரத்தத்தை நிறுத்தும் தட்டணுக்கள்தான் அவளுடைய பிழைப்பு, பேச்சு எல்லாம். அவற்றில் வரும் கோளாறுகளைப் பற்றி நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டிருந்தாள். நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமே! வெளியே ஆள் தேடி அலுத்துப்போனால் சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? கணவன், கொழுந்தன், ஓரகத்தி என்று எல்லோரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையை நீட்டியவர்கள்தான்.

“நாற்பது கட்டுரையிலயும் ஓடுறது எங்க ரத்தம். பேரு மட்டும் உனக்கு” என்று கணவன் சாப்பாட்டு மேசையில் அலுத்துக்கொள்வான்.

“உங்களையும் போட்டிருக்கேனே. ‘ஆரோக்கியமான நபர், ஆண்’. நல்லாப் பாருங்க” என்பாள்.

நாற்பத்தொன்றாவது கட்டுரைக்குப் பத்து ஆரோக்கியசாலிகள் தேவைப்பட்டார்கள். ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். பத்தாவதாக வந்து உட்கார்ந்தவள் நாத்தனார், கணவனின் தங்கை. வீட்டில் அவளை வாலு என்பார்கள். ஓயாமல் பேசுகிறவள், கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தைப் பேச்சை எடுத்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். “இப்ப வேணாம்” என்பதற்கு மேல் அவள் புருஷனாலேயே ஒரு சொல் கறக்க முடியவில்லை.

தட்டணுக்கள் மிதக்கும் கலங்கலான திரவத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரவம் தெளியும், திரையில் ஒரு கோடு சரசரவென்று இறங்கும். வாலுவின் கோடு இறங்கவில்லை. வேறு மருந்து விட்டுப் பார்த்தாள். ஊஹூம்.

“தலைவலி மாத்திரை ஏதாவது போட்டியா? சில மாத்திரை தட்டணுவைத் தூங்க வெச்சிடும்.”

“சத்தியமா இல்ல அண்ணி.”

இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுத்தாள். கோடு அதே பிடிவாதம் பிடித்தது. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வெளியாட்களிடம் துருவித் துருவிக் கேட்கும் கேள்விகளை வீட்டாரிடம் அவள் கேட்டதே இல்லை. நம்ம வீட்டு ஆள்தானே என்ற நினைப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“உனக்கு ரத்தம் வந்தா சட்டுனு நிக்குமா?”

வாலு சிரித்து மழுப்பப் பார்த்தாள். முடியவில்லை.

“பல்லு புடுங்கினப்ப ரெண்டு நாள் நிக்கல அண்ணி. மாசா மாசம் படுற பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னுட்டாங்க. பிரசவத்துல என்ன ஆகுமோன்னு பயம். அதான் வேணாம்னேன்.”

“உன் பயம் பொய் இல்ல. தட்டணு எண்ணிக்கைல குறையில்ல, அதுக்கு ஒட்டத்தான் தெரியல. பிறவியிலேயே அப்படி. முன்னாடியே தெரிஞ்சுட்டா ஏற்பாடு பண்ணிக்கிட்டு பிள்ளை பெத்துக்கலாம். நான் இருக்கேன்ல?”

“அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லையே?” என்று வாலு அழுதாள், சிரித்தாள், அண்ணியைக் கட்டிக்கொண்டாள். நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி இத்தனை சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை.

பத்தாவது ஆளுக்கு வாலுவின் புருஷனை இழுத்துவந்தாள். ஊசியைப் பார்த்ததுமே அந்த ஆறடி மனிதர் நாற்காலியோடு சாய்ந்தார். கட்டுரை ஒன்பது பேரோடுதான் வெளியானது. ஒரு ஆள் குறைந்துபோனதை அவள் வீட்டில் பல நாள் புலம்பித் தீர்த்தாள்.

மறு வருஷம் வாலுவுக்குப் பிரசவம். மருந்து, தேவைப்பட்டால் ஏற்றத் தட்டணுப் பைகள், ரத்தநோய் மருத்துவர் என்று எல்லாம் தயாராகக் காத்திருந்தன. வெளியே தாழ்வாரத்தில், நாற்பத்தொரு கட்டுரை எழுதியவளுக்கு நகத்தைக் கடிப்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்தார். “ரத்தப்போக்கு கட்டுக்குள்ள இருக்கு. பொண்ணு பிறந்திருக்கா!”

குழந்தைக்கு அந்தக் கோளாறு இல்லை என்று சில நாளில் சோதனை முடிவும் வந்தது. அதைச் சொல்ல வீட்டுக்கு ஓடியவளின் கையில் வாலு குழந்தையைக் கொடுத்தாள்.

“ஒரு ஆள் குறையுதுன்னு மூக்கால அழுதீங்களே அண்ணி. இந்தாங்க, பத்தாவது ஆள். கையெழுத்துப் போடுற வயசு மட்டும் வரட்டும்.”

காட்டேரி வாங்கிக்கொண்டாள். முழங்கை மடிப்பின் பக்கம் அவள் கண் போகவே இல்லை. முகத்தைத்தான் பார்த்தாள்.