கானலுக்குள்ளிருந்து வந்த கால்கள்

போன மாசி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. சின்னமனூர்ல இருந்து உத்தமபாளையம் போற ரோட்டு மேலதான் எங்க வீடு. அன்னிக்கு அந்த வழியா ஓட்டப்பந்தயம். எங்க தெரு டிரில் வாத்தியார் முந்தின நாளே வந்து, "ஓடி வர்றவுகளுக்குத் தண்ணி குடுக்க நீங்கதான் நிக்கணும்"னு சொல்லிட்டுப் போனாக.

கூடவே ஒரு சேதியும் சொன்னாக. எத்தியோப்பியாவுல இருந்து ஒரு பொண்ணு வருதாம். எத்தனையோ நாட்டு ரோட்டுல ஓடி ஜெயிச்ச பொண்ணாம். முழங்கால்ல ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷமா ஓடலையாம். இந்த ஓட்டத்தை முழுசா முடிச்சாத்தான் மறுபடியும் பந்தயம், பாதியில நின்னுட்டா இதோட விட்டுருவேன்னு சொல்லியிருக்குதாம். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு அந்தப் பொண்ணு நெனப்பாவே இருந்துச்சு.

விடியக்காலைல ஆரம்பிக்க வேண்டியது. கொடி அசைக்க வேண்டிய பெரிய மனுஷன் சாவகாசமா வந்து சேர்ந்தாரு, நல்லா வந்தாரு போங்க! வெயில் ஏறிப்போச்சு. நானும் பக்கத்து வீட்டு மதினியும் இன்னும் நாலு பேரும் குடத்தோட நிக்கிறோம். முன்னாடி வந்தவுக டம்ளரை வாங்கிக் குடிச்சுட்டு ஓடிட்டாக. அப்புறம் ரோடு வெறிச்சுன்னு ஆயிருச்சு. தூரத்துல கானல், ரோடே ஆறா ஓடுற மாதிரி. மேகமலை அந்தத் தண்ணியில மெதக்குது. அதுக்குள்ள இருந்து ஒரு உருவம். மொதல்ல காலே தெரியல, பாதி உடம்பு மட்டும் மெதந்து வந்துச்சு. கனவு கினவு காணுறமான்னு கண்ணைக் கசக்கிக்கிட்டேன்.

கிட்ட வந்தப்ப பாத்தா, அந்த எத்தியோப்பியாப் பொண்ணு! கண்ணு பாதி மூடி, உதடு மட்டும் என்னமோ முணுமுணுக்குது. வீரபாண்டித் திருவிழாவுல தீச்சட்டி எடுத்து வர்றவுக மொகம் அப்படியே! மதினிக்கு என்ன தோணுச்சோ, "ஆத்தா!"ன்னு கும்பிட்டு, குடத்துத் தண்ணியை மொத்தமா அது கால்ல ஊத்திப்பிட்டாக. தீச்சட்டிக்காரவுக கால் சுடக்கூடாதுன்னு வருஷா வருஷம் ஊத்திப் பழகுன கை. எங்க கை மட்டும் சும்மா இருக்குமா? நாங்களும் ஊத்திட்டோம்.

மோட்டார் சைக்கிள்ல கூட வந்த வாத்தியார் அலறுனாக. "அடப் பாவிகளா, குடிக்கத்தான குடுக்கச் சொன்னேன்! ஷூ நனைஞ்சா கால் கொப்புளமாப் போயிருமே!"

கடல் தாண்டி வந்த பொண்ணு பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டமேன்னு எனக்கு ஒரே தவிப்பு.

சதக் சதக்குன்னு கொஞ்ச தூரம் ஓடிட்டு அந்தப் பொண்ணு நின்னுச்சு. குனிஞ்சு ரெண்டு ஷூவையும் கழட்டுச்சு. திரும்பி வந்து மதினி கையில குடுத்துச்சு. ஒரு கோவம் இல்ல. கொதிக்கிற தார்ல வெறுங்காலோட ஓட ஆரம்பிச்சிருச்சு.

மதினி போட்டாகளே ஒரு சத்தம்! "அடியே, போற வழியில இருக்கவளுகளுக்குப் போனைப் போடுங்கடி! ரோட்டை நனைக்கச் சொல்லுங்க!"

அம்புட்டுத்தான். வழி நெடுக வீட்டுக்கு வீடு குடமும் வாளியும் வெளிய வந்துச்சு. தோப்பு மோட்டார்ல இருந்து ஓஸ் பைப்பை ரோட்டுக்கே இழுத்து விட்டாகளாம். கானல் தெரிஞ்ச எடத்துல இப்ப நெசத் தண்ணி மினுங்குது. அந்த மினுமினுப்புக்குள்ள அது ஓடி ஓடி மறைஞ்சுபோச்சு.

நானும் மதினியும் ஷூவைத் தூக்கிக்கிட்டு ஸ்கூட்டியில ஓட்டம் முடியிற மைதானத்துக்குப் போய்ச் சேந்தோம். எத்தனாவதா வந்துச்சுன்னு நாங்க கேக்கவே இல்ல. முழுசா ஓடி முடிச்சிருச்சு! மைதானத்து ஓரத்துல உக்காந்து அழுதுக்கிட்டே சிரிக்குது. மதினி ஷூவை நீட்டுனதும் அது பார்வை கீழ போச்சு. அவசரத்துல செருப்பு மாட்டாம வந்த மதினி, சூட்டுல கால மாத்தி மாத்தி நிக்கிறாக. அந்தப் பொண்ணு கையில குடிக்க வச்சிருந்த பாட்டிலைத் திறந்து, குனிஞ்சு, மதினி கால்ல மெதுவா தண்ணி ஊத்துச்சு.

"என்னைப் பெத்த தாயி"ன்னு மதினி அதைக் கட்டிக்கிட்டு அழுதாக. நானும்தான்.

இந்தச் சித்திரையிலயும் தீச்சட்டி வந்தப்ப ரோட்டுல நின்னு ஊத்துனேன். ஊத்துறப்பல்லாம், எந்தத் தேசத்து ரோட்டுலயோ அந்தக் கால் ரெண்டும் ஓடிக்கிட்டு இருக்கும்னு நெனச்சுக்கிறேன். இங்கன ஊத்துற தண்ணி அங்கன வரைக்கும் போய்ச் சேரும்னு இப்பவும் நம்புறேன்.