கூரை மூலையில் பத்து மிருகங்கள்

கல்லடியிலுள்ள அக்கா வீட்டில் எனக்கு இடம் தந்தபோது அத்தான் ஒரு நிபந்தனை வைத்தார்; எதையும் பாதியில் விட்டுக் கிளம்புகிறவன் நான். அவர் தொழிலாகச் செய்யும் கலியாண மேடை வேலைகளில் ஒன்றையாவது தொடங்கி முடிக்க வேண்டும். முடிக்காமல் கிளம்பினால் கல்லடிப் பக்கம் திரும்பி வரக்கூடாது.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவர், மகளின் கலியாண மேடைக்கென்று சீன அரண்மனைப் படமொன்றை அனுப்பியிருந்தார். பார்த்ததும் தெரிந்தது. பெய்ஜிங்கில் ராசாக்கள் முடிசூடிய மண்டபம். கப்பல் சமையற்கட்டில் வேலை பார்த்த காலத்தில், எஞ்சின் பழுதாகிச் சீனக் கரையில் கிடந்த நாட்களில் ரயிலேறிப் போய்ப் பார்த்திருக்கிறேன். காதில் மாட்டித் தந்த, விளக்கம் சொல்லும் கருவியின் ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. மூன்றடுக்கு வெள்ளைக்கல் மேடை. ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கொளுவிய மரத்துண்டுகள் கூரையைத் தாங்கின. பலமுறை எரிந்த மண்டபம். கடைசியாகக் கட்டியபோது பழைய அளவு மரம் கிடைக்காமல் பைன் மரத்தில் தூண் நிறுத்தினார்களாம். கூரை மூலைகளில் வரிசையாகச் சின்ன மிருகங்கள். மிருகங்கள் கூடக்கூட அந்தஸ்தும் கூடும். பத்து இருப்பது அந்தக் கூரையில் மட்டும்தான்.

குழாய்களுக்குச் சிவப்படித்துத் தூணாக்கினேன். முன்மூலை இரண்டுக்கும் பத்துப் பத்தாக ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் மிருகங்கள் செதுக்க எட்டு நாள் போயிற்று. அத்தனை நாள் ஒரே இடத்தில் குந்தியிருந்தது எனக்கே புதினம்.

அத்தான் ஏறாவூரில் வேறு வேலையில் நின்றதால் கலியாணத்தன்று காலையில்தான் மேடையைப் பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. கோயில் கோபுரத்துப் பொம்மைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முஸ்லிம் கலியாணத்தில் உருவம் வைக்கக்கூடாதென்று தோன்றவேயில்லை.

பெண்ணின் தகப்பன் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "தம்பி, இதுகள் இருந்தா மௌலவி உள்ளுக்கு வரமாட்டார்."

அப்படியே பஸ் ஏறிப் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும், அங்கே அண்ணனைக் கூப்பிடும் முறையில் அவரைக் காக்கா என்றழைத்துச் சொன்னேன்: "காக்கா, இதக் கழட்டினா ராசாட மண்டபம் இல்ல. மிருகம் இல்லாத கூரை அங்க சும்மா சனத்துட வீடு."

"நாங்களும் சும்மா சனந்தானே. கழட்டுங்க."

ஏணியில் ஏறினேன். ஒவ்வொன்றாகப் பிய்த்தபோது பெயின்ட்டும் உரிந்து வந்தது. அந்த இடங்களுக்கு மறுபடி மஞ்சள் பூசினேன். மாப்பிள்ளை வருமுன் காய்ந்துவிட்டது.

திரும்பும்போது அத்தானின் மோட்டார் சைக்கிளில், இருபது மிருகங்களும் கிடந்த உரச்சாக்கை மடியில் வைத்திருந்தேன்.

"முடிச்சிட்டாய், சரி," என்றார் அத்தான். "அடுத்த கிழமை ஏறாவூர்ல ஒண்டு கிடக்கு."

ஒன்றை முடித்தால் போய்விட்டுத் திரும்பி வரலாம் என்றுதான் பேச்சு. முடித்தாயிற்று. திருகோணமலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.