கேஸ் முடியட்டும், வரேன்

அன்று எனக்கு விடுப்பு. தஞ்சோங் கிளிங் சாலையோரம் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நீதிமன்றத்திலிருந்து லெட்சுமி அழைத்தாள். "அண்ணே, யாங் அரிஃப் இறந்துட்டாங்கண்ணே. சேம்பர்லயே மயங்கி விழுந்தாங்க." வெட்டச் சொன்ன மீனை வாங்காமலே காரில் ஏறினேன். நீதிபதியை மலாயில் அப்படித்தான் மரியாதையாக அழைப்போம். எங்கள் யாங் அரிஃப், நீதிபதி ரெஜினா சவரிமுத்துவின் பெயரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்திருந்தார்கள். நியமனச் செய்திக்காக நாங்களெல்லாம் காத்திருந்த நேரம் அது.

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, மாஜிஸ்திரேட்டாகி, செஷன்ஸ் நீதிபதியாகி, உயர் நீதிமன்றம் வரை வந்தவர். இதை இரங்கல் கூட்டங்களில் எல்லோரும் சொல்வார்கள். நான் அவருடைய நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். எனக்குச் சொல்ல வேறு இருக்கிறது.

சாட்சி தமிழில் பேசினால் நான் மலாயில் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. தோட்டத்து அம்மா ஒருவருக்கு ஒருமுறை பொறுமை போய்விட்டது. "ஏம்மா, நீ நம்ம சவரிமுத்து மகதானே? தமிழ் தெரியும்லா? அப்புறம் எதுக்கு இந்த ஆளு நடுவுல?" என்றார். அதையும் நான் மலாயில் சொல்லும்வரை நீதிபதி காத்திருந்து, மலாயிலேயே பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு தனியே சொன்னார்: "குணா, எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு முன்னாடி எனக்கு விஷயம் தெரியக்கூடாது."

இந்தக் கண்டிப்பு நீதிமன்றத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவர் செஷன்ஸில் இருந்தபோது அவருடைய அண்ணன் அருளப்பனின் மகன் ஸ்டீபனை லாரி மோதி ஒரு கால் போய்விட்டது. நஷ்டஈட்டு வழக்கு அதே கட்டடத்தில், வேறொரு நீதிபதியிடம் நடந்தது. வழக்கு முடியும்வரை அண்ணன் வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று இவர் முடிவு செய்துவிட்டார். பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போய் இவரைப் படிக்க வைத்த அண்ணன் அவர். "பெரிய ஆளாயிட்டாங்கலா, இனி நம்ம வீட்டுக்கெல்லாம் வருவாங்களா?" என்று தோட்டத்தில் பேசினார்கள்.

பாயா ரும்புட்டில் அவர் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. கிறிஸ்துமஸ் காலையில் அருளப்பன் அண்ணன் கோழிக்கறித் தூக்குச்சட்டியோடு கேட்டுக்கு வெளியே நிற்பார். கேட் திறக்காது.

"கேஸ் முடியட்டும்ண்ணே, வரேன்."

"கேஸைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலம்மா. சாப்பிட்டியான்னுதான் கேட்டேன்."

தூக்குச்சட்டி வந்தபடியே திரும்பிப் போகும். யாங் அரிஃப் உள்ளே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்கத் தோன்றும்.

வழக்கு முடியவில்லை. இவர் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். ஸ்டீபன் தோற்றதால் வழக்கும் அப்பீலாகி அங்கேயே வந்தது. பரிந்துரைச் செய்தி வந்த வாரம் அங்கும் தீர்ப்பாகி, மறுபடி அப்பீல், இவர் போகவிருந்த அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. தோட்டத்தில் பேனர் கட்டப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாழ்த்தப் போனபோது அவர் சிரிக்கவில்லை.

"நானும் ஏறுறேன், கேஸும் ஏறி வருது குணா."

"அந்த கேஸ்ல இருந்து விலகிக்கிட்டா போதுமே, யாங் அரிஃப். அண்ணன் வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது?"

"விலகலாம். ஆனா தீர்ப்பு சொல்லப் போறவங்க என்கூட டீ குடிக்கிறவங்க. நான் அங்க போயி கறி சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, நாளைக்கு அவன் ஜெயிச்சாலும், காலு போனதுக்காக ஜெயிச்சான்னு யாரும் சொல்லமாட்டாங்க. அத்தைக்காகன்னு சொல்லுவாங்க."

"அப்ப மேல போக வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன்னு கேப்பாங்க. ஸ்டீபன் பேரைச் சொல்லணும். சொன்னாலே அது சிபாரிசாயிடும்." மேசையைப் பார்த்தபடியே, "எந்தப் பக்கம் போனாலும் கேட்தான்" என்றார். அது நீதியா பிடிவாதமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அடக்கத்துக்கு முன் பெட்டியை நியாலாஸில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஊன்றுகோலோடு ஸ்டீபன் வாசலில் நின்றான். அருளப்பன் அண்ணன் பெட்டிமேல் கைவைத்துச் சொன்னார்: "கேஸ் இன்னும் முடியலயேம்மா. வந்துட்டியே."

பக்கத்தில் நின்ற மலாய் நீதிபதி, என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னேன். சொல்லி முடித்ததும், பதிலைத் தமிழில் எடுத்துச் சொல்வதற்காக பெட்டியில் இருந்த யாங் அரிஃப் பக்கம் திரும்பிக் காத்திருந்தேன்.

அவரிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது அந்தப் பழக்கம்தான். அண்ணன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.