ஐந்து முறை தோற்ற இத்தாலிக்காரர்

ராயபுரத்தில் லூயிஸ் வீடு எது என்று கேட்டால் நாலு லூயிஸைக் காட்டுவார்கள். ‘இத்தாலி லூயிஸ்’ என்று கேட்டால்தான் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். இத்தாலிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வாய்தான் சம்பந்தம். சின்ன வயதில் மாதா கோயிலில் ஒரு இத்தாலிச் சாமியாருக்குப் பூசையில் உதவி செய்தவர். அந்தக் காலத்தில் பூசை லத்தீனில் நடக்கும். மனப்பாடமான நாலு வரியை டீக்கடையில் எடுத்துவிட்டு, “இதாண்டா இத்தாலி பாஷ” என்று சொல்லிவைத்தார். பிரித்துப் பார்க்க அங்கே ஆள் ஏது? அந்தப் பெருமையிலேயே காலம் ஓடிவிட்டது.

சங்கத்தில்தான் ஒன்றும் ஓடவில்லை. யார்டின் செங்கொடிச் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு ஐந்து முறை நின்று, ஐந்து முறையும் சுயம்புவிடம் மண்ணைக் கவ்வினார். யாரை வேலையை விட்டு நிறுத்தினாலும் முதலில் யார்டு கேட்டில் போய் மறியலுக்கு உட்காருகிறவர் லூயிஸ்தான். ஆனால் ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் சுயம்புவின் பெருமையையும் பேசிவிட்டு வருவார். அப்புறம் எப்படி விளங்கும்?

தொண்ணூற்றொன்பதில் ஆறாவது தேர்தல் வந்தது. அந்த முறை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் முதன்முதலாக ஓட்டு உண்டு. மனைவி டோரதி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இந்த தபா தோத்தேன்னு வை, சங்கத்த வுட்டுட்டு எங்கண்ணன் ஐஸ் கம்பெனில வந்து குந்திக்க. ஊர் பேச்சு கேட்டு கேட்டு காது புளிச்சிப்போச்சு.”

“செரிமே” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு சோறு இறங்கவில்லை. சங்கம் இல்லாத லூயிஸ் எப்படி இருப்பார் என்று அவருக்கே தெரியாது. பயமாக இருந்தது.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இத்தாலியிலிருந்து ஒரு இடதுசாரித் தலைவர் வந்தார். பெயர் அத்திலியோ. துறைமுகத் தொழிலாளர்களைப் பார்க்க வேண்டும் என்று கட்சி மூலமாக வந்திருந்தார். சங்கக் கூட்டத்தில் அவர் பேச்சை மொழிபெயர்க்க, தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இத்தாலிக்காரர்களோடு பேசிப் பழகிய மகிழினி என்ற பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். அந்த ரோட்டில் மாட்டினால் எப்போது வருவோம் என்று லாரிக்காரனுக்கே தெரியாது.

சுயம்பு மைக்கைப் பிடித்தார். “நம்ப கைலயே இத்தாலி கீது, வெளியாள் இன்னாத்துக்கு? தோழர் லூயிஸ், மேல வாங்க.”

சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது, இன்றைக்கு லூயிஸின் மானத்தைக் கப்பலேற்றிவிட வேண்டும் என்று. பெண்கள் பக்கத்தில் டோரதி உட்கார்ந்திருந்தாள். லூயிஸ் மேடையேறினார்.

அத்திலியோ முஷ்டியை உயர்த்தி ஏதோ சொன்னார். “தோழர்களே” என்றார் லூயிஸ். பலத்த கைதட்டல். அடுத்து அத்திலியோ பேசியதில் ‘பாத்ரே’ என்ற ஒரே வார்த்தை காதில் விழுந்தது. இத்தாலியில் அதற்கு அப்பா என்றும் அர்த்தம் உண்டு என்று லூயிஸுக்கு யார் சொன்னார்கள்? அவருக்குத் தெரிந்த பாத்ரே பாதிரியார்தான்.

“என்ன வளத்தவரு ஒரு பாதிரியாரு,” என்று ஆரம்பித்தார். “எங்கப்பன் கப்பலுக்குப் போனவன் திரும்பி வர்ல. சாமியார்தான் ரொட்டி குடுத்தாரு.”

அத்திலியோ சொல்வதாகத் தன் கதையையே சொன்னதால் தடையில்லாமல் வந்தது. பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். அத்திலியோ ஐந்து விரல்களைக் காட்டினார். லூயிஸுக்கு ஐந்து என்றால் ஒரே அர்த்தம்தான்.

“அஞ்சு தபா தேர்தல்ல நின்னேன். அஞ்சு தபாவும் தோத்தேன். தோத்துட்டு வூட்டுக்குப் போவேன். சம்சாரம் ஒரு வார்த்த கேக்க மாட்டா. நெத்திலிக் கொழம்பு ஊத்தி சோறு வப்பா. அத துன்றதுதான் கஷ்டம்.”

“இத்தாலிலயும் நெத்திலி கீதா?” என்று ஒரு குரல்.

“கடலு ஒண்ணுதானேப்பா,” என்றார் லூயிஸ். கூட்டத்தில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டோரதி மட்டும் முறைத்துக்கொண்டிருந்தாள். இத்தாலியில் எவள் அவளுடைய குழம்பை வைத்தது?

அந்த நேரம் பார்த்து மகிழினி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். சுயம்புவுக்கு வாயெல்லாம் பல். முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். அத்திலியோ பொறுமையாகச் சொல்ல, அவள் தமிழில் சொன்னாள். அப்பா ரயில் இன்ஜின் ஓட்டியவர். இவர் ஜெனோவா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, சங்கத்தில் சேர்ந்து, ஐந்து முறை பாராளுமன்றத்துக்குப் போனவர். ரெண்டு முறை மந்திரி. தோற்றதே கிடையாது.

“அப்போ அந்த அஞ்சு தபா தோத்த ஆளு யாரு தோழர்?” என்றார் சுயம்பு, மைக்கை லூயிஸின் வாய்க்கு நேராக நீட்டி.

லூயிஸ் கூட்டத்தைப் பார்க்கவில்லை. டோரதியைப் பார்த்தார்.

“நான்தான். எனுக்கு இத்தாலி தெரியாது. பூச மந்திரம்தான் தெரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. மகிழினி நடந்ததை அத்திலியோவின் காதில் சொன்னாள். அந்த மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னதை அவள் தமிழாக்கினாள்: “எங்கள் கட்சி உடைந்தது, உடைந்த துண்டும் உடைந்தது. அடுத்த தேர்தலில் நானும் தோற்கப்போகிறேன். இவர் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.”

கன்டெய்னர் கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளி பூவம்மா எழுந்தாள். “மந்திரி கத எங்களுக்கு இன்னாத்துக்குப்பா? தோத்துட்டும் கேட்டுல வந்து குந்துறாரு பாரு, அவுரு இன்னொரு தபா பேசட்டும்.”

அடுத்த வாரம் யார்டு கேட்டுக்கு வெளியே ஓட்டு எண்ணினார்கள். முடிவைப் படித்ததும் ஒரே கூச்சல். லூயிஸ் பழக்கதோஷத்தில் எழுந்து நேரே சுயம்புவிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாழ்த்துக்கள் தோழர். நல்லா பண்ணுங்க.”

“யோவ், நீதான்யா ஜெயிச்சே,” என்றார் சுயம்பு. “கைய வுடு.”

லூயிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன செய்வதென்று புரியாமல் டோரதியிடம் வந்து நின்றார்.

“இப்ப இன்னாமே செய்யணும்?”

“எனுக்கின்னாய்யா தெரியும்?” என்றாள் டோரதி, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தபடி. “இதுக்கு முன்ன நீ எப்ப ஜெயிச்சே?”